இது என் முடிச்சு இல்லை

இந்த நாற்காலி பரவாயில்லை. கை வைத்த நாற்காலியாக இருந்தால்தான் எனக்குக் கஷ்டம். இருபத்திரண்டு வருடமாகக் கை இல்லாத மர நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்து பழகிவிட்டது. முழங்கை எங்கும் இடிக்காமல் இருந்தால்தான் முத்து கோக்க முடியும். அந்த ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்துவிடுங்கள், போதும். நீங்கள் துருவித் துருவிக் கேட்க வேண்டியதில்லை. முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நகைக்கடைகளிலிருந்து வருகிற முத்துச் சரங்களை வீட்டிலேயே கோத்துக் கொடுப்பது என் தொழில். மாடியில் இரண்டு அறை. முன்னறை ஜன்னலோரம் மேசை. பழைய சரம் வந்தால் நூலை வெட்டி, முத்துகளை வரிசை மாறாமல் துணியில் பரப்பி, எண்ணி, ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, புதுப் பட்டு நூலில் கோக்க வேண்டும். ஒரு முத்து, ஒரு முடிச்சு. முடிச்சு இருந்தால் ஒன்றோடொன்று உரசாது. சரம் அறுந்தாலும் ஒரு முத்துதான் விழும், மற்றவை அப்படியே நிற்கும். நான் இடது கைக்காரி. என் முடிச்சுகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கண் உள்ளவர்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள், இது இன்னாருடைய கை என்று.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பட்டு நூல் நாள்பட்டால் தளரும். முத்துக்கு முத்து இடைவெளி விழும், சரம் நீளும். புது நூலில் இறுக்கிக் கோத்துக் கொடுத்தால் இரண்டு விரற்கடை குறைந்துவிடும். முத்து ஒன்றுகூடக் குறைந்திருக்காது, ஆனாலும் கழுத்தில் போட்டால் மேலே ஏறி நிற்கும். இது ஒருவருக்குத் தெரியாததால்தான் என் தங்கை செத்துப்போனாள்.

அவளை நாங்கள் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினேழு. வளர்த்தது நான். காலையில் பல் துலக்கும்போதே பேச ஆரம்பித்தால் தூக்கத்தில் முணுமுணுக்கிற வரை நிற்காது. வாயில் பிரஷை வைத்துக்கொண்டு எப்படித்தான் பேசினாளோ, எனக்கு எல்லாம் புரியும். எனக்கு வேலை கொடுக்கிற நகைக்கடையிலேயே அவளும் விற்பனைக்கு நின்றாள். கோத்து முடித்த சரங்களை அவள்தான் கொண்டுபோவாள்.

பெரிய டீச்சரின் சரமும் அப்படித்தான் போயிற்று. ஊரே அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் சொல்லும். பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது பேச்சுக்குத்தான். அவர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். அவருடைய அம்மா வழியில் வந்த ஒற்றைச் சரம் அது. எழுபத்தொரு முத்து. நான் எண்ணித்தான் கோத்தேன்.

கடைக் கண்ணாடி முன்னால் நின்று டீச்சர் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார். சரம் ஏறி நின்றிருக்கிறது.

"ரெண்டு முத்து எங்க?" என்று கேட்டிருக்கிறார்.

வாயாடி சிரித்துவிட்டாள். "டீச்சர், புது நூல்ல கோத்தா கொஞ்சம் ஏறும். நாளாக ஆக எறங்கிடும். வேணும்னா எண்ணிப் பாருங்க."

"எனக்கு எண்ணச் சொல்லித் தரியா? சிரிப்பு வேற வருதோ?"

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம். கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார்கள். அவளுடைய கைப்பையைக் கண்ணாடி மேசைமேல் கொட்டச் சொன்னார் டீச்சர். பின்னலை அவிழ்த்து உதறச் சொன்னார். மற்ற விற்பனைப் பெண்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து வேடிக்கை பார்க்கச் சொன்னார். "உண்மையச் சொல்லிட்டா விட்டுடுறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். கடை முதலாளிக்கு வாடிக்கை முக்கியம்; வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேரில் ஒருவர்கூடச் சரத்தைக் கையில் எடுத்து எண்ணவில்லை. கடைசியில் அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அழுதுகொண்டேதான், ஆனால் பேசினாள். டீச்சர் மாதிரி நடந்துகூடக் காட்டினாள்.

நானும் ஒரு தடவை கேட்டேன். ஒரே ஒரு தடவைதான். கடைக்குக் கொடுக்கும் முன் சரப் பொட்டலம் இரண்டு நாள் அவள் பையில் இருந்தது, அவளுக்கும் முடிச்சுப் போடத் தெரியும், அதனால் கேட்டேன். "நெஜமாவே நீ எடுக்கலைதானே?" என்று. அக்கா என்றால் கேட்க மாட்டாளா.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. கேட்டதற்கு ஆம், இல்லை என்று தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். டீச்சர் அவள் வாயை அடைத்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாற்பது நாள் அப்படி இருந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை பால் வாங்கிவரப் போனவள், பால் கடையைத் தாண்டி ஆற்றுப் பாலம் வரைக்கும் நடந்துவிட்டாள்.

நான் கோத்துக்கொண்டுதான் இருந்தேன். அதே கடைக்கு. வேறு என்ன செய்வது?

இரண்டு வருடம் கழித்து அந்தச் சரம் மறுபடி என் மேசைக்கு வந்தது. கொக்கி ஆடுகிறது, சரிசெய்ய வேண்டும் என்று. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என் முடிச்சுகள்தானே. துணியில் போட்டு எண்ணினேன். எழுபத்தொன்று. மறுபடி எண்ணினேன். எழுபத்தொன்று.

டீச்சர் அதைத் திரும்ப வாங்க வந்த நாளில் நானே கடைக்குப் போய் நின்றேன். டீச்சர் என்னை அதற்கு முன் பார்த்ததில்லை. சரத்தைக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"முன்ன ஒரு தடவ இதுல முத்து கொறஞ்சுதுன்னு சொன்னீங்களாமே டீச்சர்?"

"அதுவா? அன்னிக்கே வீட்டுக்குப் போய் எண்ணிட்டேன். சரியாத்தான் இருந்துச்சு."

"அப்ப கடையில சொல்லலையா?"

"என்னத்துக்கு? அந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பாத்து சிரிச்சா. அந்தத் திமிருக்கு அது வேண்டியதுதான்."

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சரத்தைத் தடவிப் பார்த்து, "நல்ல கை உனக்கு" என்றும் சொன்னார்.

"கடைக்கு அலைய வேண்டாம் டீச்சர். வருஷத்துக்கு ஒருக்கா நானே வீட்டுக்கு வந்து வாங்கிட்டுப் போய் கோத்துத் தரேன்" என்றேன். அவருக்குப் பிடித்துப்போயிற்று.

அவரை ஏதாவது செய்துவிடலாம் என்று நினைக்காமல் இல்லை. அவர் வீட்டில் மாடிப்படி இருந்தது, டீச்சருக்கு முழங்கால் வலியும் இருந்தது. ஆனால் விழுந்தால் கால் உடையும், பிறகு கூடும். பார்க்க வருகிறவர்கள் பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் என்ன செய்தாரோ அதை மறுபடி செய்ய வேண்டும், அவர் வாயாலேயே செய்ய வேண்டும், இந்தத் தடவை அதன் விலை அவர் வீட்டிலிருந்தே போக வேண்டும். அப்படித்தான் யோசித்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன்.

டீச்சருக்கு ஒரே மகன், பல் டாக்டர். அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மருமகள் மருந்துக்கடையில் வேலை செய்தவள். நான் போனால் டீச்சர் ஹாலில் நிற்க வைத்தே பேசுவார்; இவள் உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து டீ கொடுப்பாள். என்னை அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஆள் அந்த வீட்டில் இவள்தான். குழந்தை பிறந்து இரண்டு வயதானதும் அதன் பாசிமணி வளையல் அறுந்துபோனதென்று கொண்டுவந்து காட்டினாள். அங்கேயே உட்கார்ந்து கோத்துக் கொடுத்தேன். எனக்கு அவளைப் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளுங்கள். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

சரத்தைப் பூட்டி வைக்கிற பீரோச் சாவி இருக்கும் இடம் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இரண்டே பேர், டீச்சரும் அவளும். விசேஷங்களுக்குச் சரத்தைப் போட்டுக்கொள்ள டீச்சரே அவளுக்குக் கொடுத்துவந்தார். நன்றாகப் பழகட்டும் என்று காத்திருந்தேன்.

பிறகு மூன்று வருடம், வருடத்துக்கு மூன்று முத்து. நடுவில் இருக்கிற பெரியவற்றை எடுக்கவில்லை, கண்ணில் பட்டுவிடும். பிடரிப் பக்கம் இருக்கிறவை. அதே அளவில், அதே நிறத்தில் கண்ணாடி முத்து தேடிப் பிடிக்கத்தான் நாளாயிற்று. எடுத்தவற்றை ஒரு மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்துப் போட்டு வைத்தேன். விற்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. நான் திருடியில்லை.

மூன்றாவது வருடம் வலது கையால் கோத்தேன். ஒரு மாதம் பழகவேண்டியிருந்தது. விரல் நுனியெல்லாம் புண். முடிச்சுகள் நேராக விழுந்தன. டீச்சர் போட்டுப் பார்த்து, "நல்லாருக்கு" என்றார். அவருக்கு முடிச்சைப் பார்க்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் சரத்தை வாங்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். டீச்சர் கையில் கொடுத்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"நடுவுல வேற யார்கிட்டயாவது குடுத்தீங்களா டீச்சர்?"

"இல்லையே. ஏன்?"

"இது என் முடிச்சு இல்ல."

அவ்வளவுதான் நான் சொன்னது. அதற்குமேல் அவரே பார்த்துக்கொள்வார் என்று தெரியும், பார்த்துக்கொண்டார். என் பழைய வேலை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். சாய்ந்த முடிச்சும் நேர் முடிச்சும் பளிச்சென்று தெரிந்தன. முத்து அசலா போலியா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். பல்லில் லேசாகத் தேய்த்தால் அசல் நறநறக்கும், கண்ணாடி வழுக்கும் என்றேன். ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தார். மகனும் வாங்கித் தேய்த்துப் பார்த்தார். ஊரார் பல்லையெல்லாம் நோண்டுகிற டாக்டர், தன் பல்லில் முத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது எனக்குச் சிரிப்பாக வந்தது. சிரிக்கவில்லை. அந்த வீட்டில் சிரித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஒன்பது முத்து வழுக்கியது.

குழந்தையை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். மருமகளின் பையைச் சாப்பாட்டு மேசையில் கொட்டினார் டீச்சர். அவளுடைய அலமாரித் துணியெல்லாம் ஹாலுக்கு வந்தது. பிறகு அவள் முன்னால் வந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"உண்மையச் சொல்லிட்டா விட்டுடுறேன்."

வாயாடி சொல்லித்தான் அந்த வார்த்தையைக் கேட்டிருந்தேன். அன்றுதான் நேரில் கேட்டேன். அதே ஏற்ற இறக்கம். அவள் எவ்வளவு சரியாக நடித்துக் காட்டியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மருமகள் என்னிடம் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா. என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?"

"எனக்கு முத்தைப் பத்தித்தான்மா தெரியும். மனுஷங்களைப் பத்தி என்ன தெரியும்?" என்றேன்.

அன்று மாலையே அவளை அனுப்பிவிட்டார்கள். குழந்தையைக் கொடுக்கவில்லை. அம்மா பேச்சைத் தட்டாத மகன். விவாகரத்துக்கும் எழுதிப் போட்டார். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை, ஒரு அக்கா மட்டும்தான். அங்கே போய் இருந்தாள். மருந்துக்கடையில் மறுபடி வேலை கேட்டதற்கு, மருந்து எண்ணிக் கொடுக்கிற இடம், யோசிக்கணும் என்றார்களாம். குழந்தையிடம், உன் அம்மா திருடிவிட்டு ஓடிப்போய்விட்டாள் என்று டீச்சர் சொல்லிவைத்திருந்தார். இதெல்லாம் டீச்சரே என்னிடம் சொன்னது. நான் தொடர்ந்து போய்க்கொண்டுதான் இருந்தேன். ஒன்பது போலியையும் எடுத்துவிட்டு மிச்சம் அறுபத்திரண்டை அவருக்குக் கோத்துக் கொடுத்ததும் நான்தான்.

அவள் தினமும் குழந்தையின் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கம் வந்து நிற்பாள். கிட்டே போக விடமாட்டார்கள், தூரத்திலிருந்து பார்ப்பாள். நானும் இரண்டு மூன்று தடவை அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். இளைத்திருந்தாள். பதினான்கு மாதம் இப்படி. ஒருநாள் பள்ளி விட்ட நேரம் குழந்தை அவளைப் பார்த்துக் கையை ஆட்டியிருக்கிறது. முதல் தடவையாக. அவள் இரண்டு பக்கமும் பார்க்காமல் சாலையில் இறங்கிவிட்டாள். தண்ணீர் லாரி.

விபத்து என்று உங்கள் ஸ்டேஷன் ஆட்களே எழுதினார்கள். நானும் விபத்து என்றுதான் சொல்வேன். ஆனால் இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். இவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துதான் செய்தேன். என் தங்கை போன தூரம் அது.

மருமகள் இறந்த பதினாறாம் நாள் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஒன்பது முத்தையும் அவர் மேசைமேல் உருட்டிவிட்டேன். எப்போது எடுத்தேன், எப்படிக் கோத்தேன் எல்லாம் சொன்னேன். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் ஏழு வருடம். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் முத்தை எண்ணினார். "ஒன்பதும் இருக்கு" என்றார். எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வெளிய சொல்லிடாதே. பையனுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டான். போனது போயிடுச்சு. இதச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"நான் ஏன் செஞ்சேன்னு கேக்கலையே டீச்சர்?"

"ஏன்?"

"கடையில உங்களப் பாத்து சிரிச்சாளே ஒரு பொண்ணு. பின்னல அவுக்கச் சொன்னீங்களே. அவ என் தங்கச்சி."

டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். புருவத்தைச் சுருக்கி, நெற்றியைத் தடவி.

"எந்தக் கடையில?" என்றார்.

நினைவில்லாத மாதிரி நடித்தார். நடிப்புத்தான். அப்படியொரு பெண்ணை யாராலும் மறக்க முடியாது.

அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. டீச்சர் தப்பித்துவிடக் கூடாது. அதனால்தான் மருமகளின் அக்காவைத் தேடிப்போனேன். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். மைதானத்துப் பக்கம் வண்டியை நிறுத்தி அடுத்த ஆளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். தனியாகப் பேச வேண்டும் என்றேன். உள்ளே உட்காருங்கள் என்று ஓட்டுகிறவர் சீட்டைக் காட்டினார். அவர் பக்கத்துச் சீட்டில். அந்த வண்டிகளில் அவர்கள் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். நான் சொல்லி முடிக்கிற வரை அவர் கால் அந்தப் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தது. வண்டி ஓடவேயில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். உங்களிடம் சொன்னதைவிட நன்றாகவே சொன்னேன். வாயாடியைப் பற்றி யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை. உங்கள் தங்கை உத்தமி, இனி நீங்கள் தலை நிமிர்ந்து நடக்கலாம், அவள்மேல் பழி போட்டது அந்த டீச்சர்தான், வாருங்கள் இரண்டு பேருமாகப் போய் அவர் மகனிடம் சொல்லுவோம் என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"அன்னிக்கு ஹால்ல உங்க கையப் புடிச்சுட்டுக் கேட்டாளாமே. சாகுற வரைக்கும் அதச் சொல்லிட்டே இருந்தா. அப்ப ஏன் சொல்லல?"

அப்போது சொல்லியிருந்தால் எல்லாம் வீணாகியிருக்குமே என்று விளக்கினேன். அவருக்குக் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கதவைத் திறந்து இறங்கி, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு மைதானத்தின் குறுக்கே நடந்து போய்விட்டார். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், வந்துவிடுவார் என்று. மறுநாள் காலையில் நீங்கள் வந்தீர்கள்.

அவர்தான் உங்களிடம் சொன்னார் என்கிறீர்கள். சொல்லட்டும். தங்கையைப் பறிகொடுத்த கோபம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு நாளில் ஆறிவிடும். ஆறினதும் என்னைப் பார்க்க வருவார். வந்தால் வாசலிலேயே நிற்க வைத்து அலைக்கழிக்காமல் உள்ளே அனுப்புங்கள். பாவம், என்னை விட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?